பேசினா கெட்டி, பேப்பர்ல மட்டும் தடுமாற்றமா? கற்றல் குறைபாட்ட அடையாளம் கண்டு ரிப்போர்ட் வாங்குற வரைக்கும்

எங்க பொண்ணுக்கு டிஸ்லெக்சியா, அதாவது படிக்கிறதுல வர்ற கற்றல் குறைபாடுன்னு ஒரு ரிப்போர்ட் கைக்கு வர்றதுக்குள்ள நாங்க அலைஞ்ச அலைச்சல் கொஞ்ச நஞ்சமில்ல. யார முதல்ல பாக்கணும், என்ன பேப்பர் எடுத்துட்டு போகணும், எந்த டெஸ்ட்டுக்கு காசு கட்டணும் எதுக்கு கட்ட வேணாம்னு வரிசையா சொல்ல ஆளே கிடைக்கல, ஆளுக்கு ஒரு துண்டு சொன்னாங்க, அந்த துண்டையெல்லாம் நாங்கதான் ஒட்ட வைக்க வேண்டியிருந்துச்சு. இப்ப அத ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் கிடையாது, இது ஒரு பெத்தவ எழுதுறது, அந்த அளவுல எடுத்துக்கங்க.

1. எதை தேடுறீங்கன்னு முதல்ல தெளிவாகிக்கங்க

நீங்க தேட வேண்டியது ஒரு இடைவெளி. வாயால கேட்டா கதை முழுசா சொல்ற பிள்ளை, அதே கதைய படிக்கவோ எழுதவோ சொன்னா பாதி கூட வரல. புத்தி நல்லா இருக்கு, கண்ணு காது சரியா இருக்கு, ஒழுங்கா ஸ்கூலுக்கு போறா, சொல்லி குடுக்கவும் ஆள் இருக்கு, அப்படியும் படிக்கிறது எழுதுறது கணக்கு இதுல ஏதோ ஒண்ணு மட்டும் வயசுக்கு ஏத்த மாதிரி வரலன்னா அதுதான் நாம பேசுற விஷயம். மொத்தமா எல்லாத்துலயும் மெதுவா இருக்குற பிள்ளைக்கு தேவைப்படுற பரிசோதனை வேற.

2013ல வந்த டிஎஸ்எம்-5 அப்படிங்கிற மனநல கையேடு இத எல்லாம் ஒரே தலைப்புல போட்டு படிப்பு, எழுத்து, கணக்குன்னு மூணா பிரிக்குது. ஸ்கூல் வயசு பிள்ளைங்கள்ல 5ல இருந்து 15 சதவீதம் பேருக்கு இருக்கும்னு அதுல சொல்லியிருக்கு. 40 பேர் இருக்குற கிளாஸ்ல 2ல இருந்து 6 பேருன்னு வருது, அதனால உங்க பிள்ளைக்கு மட்டும் வந்த ஏதோ அபூர்வமான விஷயம்னு நினைச்சு தனியா உக்காந்து அழ வேணாம்.

அதே கையேட்டுல இன்னொரு கண்டிஷனும் இருக்கு, குறிப்பா அந்த விஷயத்துக்கு தனி உதவி குடுத்தும் குறைஞ்சது 6 மாசம் பிரச்சனை தொடர்ந்து இருக்கணும். ஒரு பரீட்சைல மார்க் குறைஞ்சதுக்கெல்லாம் ஓடாதீங்க.

2. படிக்கிறதுல சிக்கல்: டிஸ்லெக்சியா

இதுதான் ரொம்ப பரவலா இருக்குறது, அதனால இத கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

ஸ்கூல் போறதுக்கு முன்னாடியே சில தடயம் இருக்கும்: பேச்சு லேட்டா வந்திருக்கும், ஒரே மாதிரி முடியுற வார்த்தைகள கண்டுபிடிக்க வராது, கலர் பேரு கிழமை பேரு டக்குனு வாய்ல வராது. வீட்ல அப்பா, அம்மா, மாமா, சித்தி யாருக்காவது படிப்பு ஏறாம இருந்திருந்தா அதையும் குறிச்சுக்கங்க, இது குடும்பத்துல வரக்கூடியது.

6, 7 வயசுக்கு மேல எழுத்தையும் சத்தத்தையும் ஒட்ட வைக்கிறதுலதான் சிக்கல் தெரியும். தமிழ்ல பாத்தீங்கன்னா உயிர்மெய் குறிகள்லதான் நிறைய மாட்டுவாங்க. கொம்ப நாம எழுத்துக்கு முன்னாடி போடுறோம் ஆனா அதோட சத்தம் பின்னாடி வருது, கொ, கோ, கௌ மூணுலயும் முன்னாடியும் பின்னாடியும் ஏதோ நிக்குது, இது எல்லா பிள்ளைக்குமே கஷ்டம்தான், ஆனா மத்த பிள்ளைங்க கொஞ்ச நாள்ல தாண்டிடும். இவங்க மூணாங்கிளாஸ்ல கூட கொடுவ கோடுன்னு படிப்பாங்க, முதல் எழுத்த பாத்துட்டு மீதிய ஊகிச்சு சொல்வாங்க, ஒரே பக்கத்துல ஒரே வார்த்தைய மூணு விதமா எழுதுவாங்க.

எங்க பொண்ணு போர்டுல இருந்து காப்பி பண்றத ஒரு நாள் பக்கத்துல நின்னு பாத்தேன். கொக்குன்னு எழுதணும். தலைய தூக்கி பாத்து ஒற்றைக்கொம்பு போட்டா, மறுபடி தூக்கி பாத்து க போட்டா, மறுபடி பாத்து கால் இழுத்தா. மூணே எழுத்து இருக்குற வார்த்தைக்கு அஞ்சாறு தடவ தலை மேல போய் கீழ வருது. அவளுக்கு அது வார்த்தையா தெரியல, துண்டு துண்டா படமா தெரிஞ்சிருக்கு. உங்க பிள்ளைய நோட்டுல மட்டும் பாக்காதீங்க, எழுதும்போது பாருங்க.

வீட்லயே பண்ணக்கூடிய ஒரு சின்ன சோதனை: அர்த்தமே இல்லாத வார்த்தை பத்து எழுதி படிக்க சொல்லுங்க, தபுகி, மொடேலு, கேமுடை இந்த மாதிரி. தெரிஞ்ச வார்த்தைய மனப்பாடமா சொல்லிடலாம், இத எழுத்து கூட்டித்தான் படிச்சாகணும், அதனால ஊகிக்கிற பழக்கம் அங்க வெளிய வந்துடும். பெரிய டெஸ்ட்டுலயும் இந்த மாதிரி ஒரு பகுதி இருக்கும். ஆனா இத வச்சு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க, கேக்க வேண்டிய கேள்வி கிடைக்கும், அவ்ளோதான்.

இங்க ஏமாற வாய்ப்பு இருக்குற மூணு விஷயம்:

எழுத்த திருப்பி எழுதுறது. 7 வயசு வரைக்கும் இது சாதாரணம். டிஸ்லெக்சியா இருக்குறவங்களுக்கு எழுத்து தலைகீழா தெரியும்ங்கறதும் உண்மை கிடையாது, பிரச்சனை சத்தத்த எழுத்தோட சேக்குறதுல, கண்ணுல இல்ல.

ண, ன குழப்பம், ல, ள, ழ குழப்பம், ர, ற குழப்பம். இது மட்டும் இருந்தா பயப்படாதீங்க. டிகிரி முடிச்சவங்களே இதுல தப்பு விடுறாங்க, பேசும்போது அந்த வித்தியாசம் நிறைய பேருக்கு வர்றதே இல்ல.

ரெண்டு மொழி. இங்கிலீஷ்ல மட்டும் தடுமாறி தமிழ்ல சரளமா படிச்சா, முதல்ல இங்கிலீஷ் போதுமான அளவு காதுல விழுந்திருக்கா, ஒழுங்கா சொல்லி குடுத்தாங்களான்னு பாருங்க. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, இங்கிலீஷ் ஸ்பெல்லிங் ஒழுங்கில்லாததால அங்கதான் முதல்ல பளிச்சுன்னு தெரியும், தமிழ் எழுத்து சத்தத்தோட ஓரளவு ஒத்துப்போறதால தப்பில்லாம படிப்பாங்க ஆனா ரொம்ப மெதுவா படிப்பாங்க. அதனால தப்ப மட்டும் எண்ணாதீங்க, வேகத்தையும் பாருங்க.

3. எழுத்து, கணக்கு, அப்புறம் பக்கத்து வீட்டு ரெண்டு

டிஸ்கிராஃபியா: பதில் வாய்ல இருக்கும், பேப்பர்ல ரெண்டு வரி. எழுத்து சைஸ் மாறிக்கிட்டே இருக்கும், கோட்டுல நிக்காது, வார்த்தைக்கு நடுவுல இடம் விடாது, பென்சில அழுத்தி பிடிச்சு கொஞ்ச நேரத்துல கை வலிக்குதும்பாங்க. கையெழுத்து மோசம்ங்கறது மட்டுமே இது இல்ல, சிலருக்கு கையெழுத்து சுமாரா இருந்தும் நினைக்கிறத வாக்கியமா கோக்க வராது.

டிஸ்கால்குலியா: இத நிறைய பேர் கணக்கு பயம்னு விட்டுடுறாங்க. மூணு புள்ளி இருந்தா பாத்த உடனே மூணுன்னு சொல்லாம எண்ணித்தான் சொல்வாங்க, 8 பெருசா 6 பெருசான்னா யோசிப்பாங்க, பெரிய கிளாஸ் வந்தும் 7ம் 5ம் கூட்ட விரல் வேணும், வாய்ப்பாடு நேத்து ராத்திரி தெரியும் காலைல போயிடும். 305அ 3005ன்னு எழுதுறது, முள் கடிகாரம் பாக்க வராதது, மீதி சில்லறை சரியான்னு தெரியாம வாங்கிட்டு வர்றது, இதெல்லாம் கவனிங்க. கணக்கு பயம் தனியாவும் வரும், இதோட சேந்தும் வரும். வாய்க்கணக்கு கதையா குடுத்தா போட்டுடுறா, வரிய படிச்சு போட சொன்னா வரலன்னா அங்க பிரச்சனை கணக்குல இல்ல, படிக்கிறதுல.

டிஸ்பிராக்சியா, ஏடிஎச்டி ரெண்டையும் அந்த கையேடு கற்றல் குறைபாட்டுல சேக்கல, ஆனா இதுங்க பல சமயம் அதோட ஒண்ணாதான் வரும். ஷூ லேஸ் கட்ட, பந்து பிடிக்க, கத்தரிக்கோல் பிடிக்க திணறினா முதல் ஒண்ணு. கவனம் சிதறுறது, ஒரு இடத்துல உக்கார முடியாதது ரெண்டாவது, அது 12 வயசுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், வீடு ஸ்கூல்னு ரெண்டு இடத்துலயாவது இருக்கணும். படிக்கிற நேரத்துல மட்டும் நெளியுற பிள்ளைக்கு படிக்க முடியாததாலயே அந்த நெளிவு வரலாம், இத டெஸ்ட் பண்றவங்ககிட்ட மறக்காம சொல்லுங்க.

4. பெரியவங்க எப்படி கண்டுபிடிக்கிறது

பொண்ணோட ரிப்போர்ட்ட அவங்கப்பாவுக்கு வாசிச்சு காட்டினப்ப, இதுல பாதி எனக்கும் இருக்கேன்னாரு. வயசானா இது போயிடாது, மறைக்க கத்துப்போம். அதனால பெரியவங்கள்ட்ட தப்ப தேடினா கிடைக்காது, எதையெல்லாம் தவிர்க்கிறாங்கன்னு தேடுங்க. ஃபார்ம் நிரப்பணும்னா கண்ணாடி மறந்துட்டேன், வீட்ல நிரப்பிட்டு வர்றேன்னு எடுத்துட்டு போறது, ஒரு ஈமெயில நாலு தடவ படிச்சும் அனுப்ப பயப்படுறது, மெசேஜ் டைப் பண்ணாம எல்லாத்துக்கும் வாய்ஸ் அனுப்புறது, மீட்டிங்ல கேட்டுக்கிட்டே குறிப்பெடுக்க முடியாதது, போன் நம்பர்ல ரெண்டு இலக்கம் மாறுறது, கிளம்பி போய் சேர எவ்ளோ நேரம் ஆகும்னு எப்பவும் தப்பா கணிக்கிறது. வேலைல கெட்டிக்காரரா இருந்து பதவி உயர்வு வந்து, ரிப்போர்ட் எழுதுற வேலை அதிகமானதும் திடீர்னு சறுக்குறவங்களும் உண்டு. சிலர் பதவி உயர்வே வேணாம்னு சொல்லிடுவாங்க, ஏன்னு வீட்ல கூட தெரியாது.

ஒரு எச்சரிக்கை: சின்ன வயசுல நல்லா படிச்சவருக்கு இப்ப திடீர்னு படிக்கவோ எழுதவோ வரலன்னா இந்த கட்டுரைய மூடி வச்சுட்டு உடனே ஆஸ்பத்திரி போங்க, பக்கவாதமா இருக்கலாம், தலைல அடிபட்டதாலயும் வரலாம். கற்றல் குறைபாடு திடீர்னு வராது, சின்ன வயசுல இருந்தே இருக்கும்.

5. டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒரு ஃபைல் போடுங்க

இந்த ஒரு வேலைய ஒழுங்கா பண்ணா மீதி எல்லாம் சுலபம். அதுல இருக்க வேண்டியது:

- எல்லா வருஷத்து மார்க் ஷீட், டீச்சர் எழுதின குறிப்போட
- நோட்டுல இருந்து சில பக்கம் ஜெராக்ஸ், நல்லா எழுதினதும் மோசமா எழுதினதும் ரெண்டும், தேதி போட்டு
- பிள்ளை சத்தமா படிக்கிறது போன்ல ரெக்கார்ட் பண்ணினது, அதே பாடத்த வாயால விளக்குறதும் ஒண்ணு
- கண், காது பரிசோதனை ரிப்போர்ட்
- பிறந்த விவரம், எத்தன மாசத்துல நடந்தா, பேசினா, பெரிய காய்ச்சல் வலிப்பு ஏதாவது இருந்துச்சா
- டியூஷன், தனிப்பயிற்சி என்னென்ன குடுத்தீங்க, எப்பலேர்ந்து, என்ன மாற்றம்
- கிளாஸ் டீச்சர்கிட்ட ஒரு லெட்டர்

டீச்சர்கிட்ட கேக்கும்போது "எப்படி படிக்கிறா"ன்னு கேட்டா "பரவால்ல, இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணணும்"னு வரும், அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. போர்டுல இருந்து எழுதி முடிக்க மத்தவங்கள விட எவ்ளோ நேரம் கூட எடுக்குறா, வாய்மொழி கேள்விக்கு பதில் சொல்றாளா, எந்த பாடத்துல ஒளியுறான்னு தனித்தனியா கேளுங்க.

பெரியவங்களா இருந்தா பழைய மார்க் ஷீட்டும், சின்ன வயசுல பாத்த அம்மாவோ அண்ணனோ சொல்றதும்தான் ஆதாரம். 17 வயசோ அதுக்கு மேலயோ இருக்குறவங்களுக்கு, சின்ன வயசுல இருந்தே கஷ்டப்பட்டதுக்கு எழுத்துல ஆதாரம் இருந்தா அத டெஸ்ட்டுக்கு பதிலாவே எடுத்துக்கலாம்னு டிஎஸ்எம்-5 சொல்லுது, அதனால பரண்ல கிடக்குற பழைய பேப்பர தூக்கி போட்டுடாதீங்க.

6. கண்ணு, காது முதல்ல

எந்த நல்ல சைக்காலஜிஸ்ட்டும் இத கேக்காம ஆரம்பிக்க மாட்டாங்க. முன்னாடியே முடிச்சுட்டு போனா ஒரு நடை மிச்சம். கண் டெஸ்ட் எடுக்குற இடத்துல கலர் கண்ணாடி போட்டா எழுத்து நிக்கும், கண் பயிற்சி குடுத்தா டிஸ்லெக்சியா போயிடும்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. அமெரிக்க குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009ல சேந்து வெளியிட்ட அறிக்கைல இதுக்கு ஆதாரம் இல்லன்னு சொல்லிட்டாங்க. பார்வை குறைபாடு இருந்தா சாதா கண்ணாடி போடுங்க, அது வேற கதை.

7. யார்கிட்ட, என்ன டெஸ்ட்

ரிப்போர்ட் குடுக்க தகுதி உள்ளவங்க பெரும்பாலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இல்ல எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட். ஸ்பெஷல் எஜுகேட்டர் சொல்லி குடுப்பாங்க, ஸ்பீச் தெரபிஸ்ட் பேச்சு மொழிய பாப்பாங்க, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கை வேலைய பாப்பாங்க. உங்க ஸ்கூலோ பரீட்சை போர்டோ யார் கையெழுத்த ஏத்துக்குதுன்னு காசு கட்டுறதுக்கு முன்னாடி எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க.

ஒரு இடத்துல எங்களுக்கு ஐக்யூ டெஸ்ட் மட்டும் எடுத்து, "பிள்ளை நல்லா இருக்கா, பயப்படாதீங்க"ன்னு ரெண்டு பக்கம் குடுத்து அனுப்பிட்டாங்க. ஐக்யூ யோசிக்கிற திறமைய அளக்கும், படிக்கிறத அளக்காது. உங்களுக்கு வேண்டியது ரெண்டும்: வெக்ஸ்லர் மாதிரி ஒரு ஐக்யூ டெஸ்ட், அதோட படிப்பு, ஸ்பெல்லிங், எழுத்து, கணக்கு தனித்தனியா பாக்குற டெஸ்ட். சத்தத்த பிரிச்சு சேக்குறது, பாத்ததோட பேர வேகமா சொல்றது, கேட்டத கொஞ்ச நேரம் மனசுல வச்சுக்குற சக்தி இதையும் பாத்தா ரொம்ப நல்லது. பிள்ளை படிக்கிற மொழியிலதான் டெஸ்ட் நடக்கணும், வீட்டு மொழி வேறன்னா அத முதல்லயே சொல்லிடுங்க.

ஆன்லைன்ல வர்ற 20 கேள்வி வினாடி வினாவ எல்லாம் சும்மா பாக்கலாம், எங்கயும் செல்லாது.

8. காசு

இடத்துக்கு இடம் ரொம்ப மாறுது, அதனால தொகைய விட கேள்விதான் முக்கியம். "டெஸ்ட் ஃபீஸ் எவ்ளோ"ன்னு கேக்காதீங்க, "முதல் சந்திப்பு, எல்லா டெஸ்ட்டும், எழுத்துல ரிப்போர்ட், அத விளக்குற சந்திப்பு, ஸ்கூலுக்கு லெட்டர், எல்லாம் சேத்து எவ்ளோ"ன்னு கேளுங்க. ரிப்போர்ட்டுக்கு தனி, லெட்டருக்கு தனின்னு கடைசில நீளுற பில்லு இங்கதான் வரும். அரசு ஆஸ்பத்திரியிலயோ சைக்காலஜி சொல்லி குடுக்குற பல்கலைக்கழக கிளினிக்லயோ பெரும்பாலும் குறைவா இருக்கும், ஆனா காத்திருக்கணும். டெஸ்ட் ஒரு தடவ செலவு, அதுக்கப்புறம் வாரா வாரம் வர்ற ஸ்பெஷல் எஜுகேட்டர் ஃபீஸ்தான் பெரிய செலவு, கையில இருக்குறத எல்லாம் டெஸ்ட்லயே கொட்டிடாதீங்க.

9. எப்ப போறது, எவ்ளோ நாள் ஆகும்

முறையான முடிவு பெரும்பாலும் 7, 8 வயசுலதான் சொல்வாங்க, அதுக்கு முன்னாடி பிள்ளைக்கு படிக்க கத்துக்க போதுமான காலம் கிடைச்சிருக்காது. ஆனா உதவி செய்ய அதுவரைக்கும் காத்திருக்காதீங்க. சந்தேகம் வந்த அன்னிக்கே எழுத்தையும் சத்தத்தையும் படிப்படியா, நேரடியா சொல்லி குடுக்க ஆரம்பிங்க, இதால யாருக்கும் கெடுதல் வராது, அந்த 6 மாச கண்டிஷனுக்கும் அதுவே ஆதாரமாகும்.

டெஸ்ட் சில மணி நேரம் எடுக்கும், சின்ன பிள்ளைன்னா ரெண்டு நாளா பிரிக்க சொல்லுங்க, காலை நேரம் கேளுங்க. ஜுரம், தூக்கமில்லன்னா தள்ளி போடுங்க, வெக்கப்படாதீங்க. எழுத்து ரிப்போர்ட் வர வாரக்கணக்குல ஆகலாம், தேதி கேட்டு எழுதி வாங்கிக்கங்க. பொது பரீட்சைல கூடுதல் நேரம், எழுதித்தர ஆள், கால்குலேட்டர் வேணும்னா விண்ணப்ப கடைசி தேதி பரீட்சைக்கு ரொம்ப முன்னாடியே இருக்கும், ஒரு வருஷம் முன்னாடியே விசாரிங்க. பழைய ரிப்போர்ட்ட நிறைய இடத்துல ஏத்துக்க மாட்டாங்க, எத்தன வருஷம் செல்லும்னு அங்கயே கேளுங்க.

10. ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

முதல்ல நம்பர பாத்து மயங்கி விழாதீங்க. பெர்சன்டைல் 7ன்னு போட்டிருந்தா நூத்துக்கு 7 மார்க்குன்னு அர்த்தம் கிடையாது, அதே வயசு பிள்ளைங்க நூறு பேர்ல சுமார் 7 பேர் இவளுக்கு கீழயோ சமமாவோ இருக்காங்கன்னு அர்த்தம். ஸ்டாண்டர்ட் ஸ்கோர்னா 100 சராசரி, 85ல இருந்து 115 வரைக்கும் சாதாரண வட்டம், 78க்கு பக்கத்துலயோ கீழயோ வந்தாதான் பெரும்பாலும் குறைபாடுன்னு உறுதியா சொல்வாங்க. மொத்த ஐக்யூ நம்பர மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, உள்ளுக்குள்ள எது உயரம் எது பள்ளம்னு இருக்குற பக்கம்தான் உங்களுக்கு வேலைக்கு ஆகும்.

விளக்குற சந்திப்புல மூணு கேளுங்க: வீட்ல தினமும் என்ன பண்ணணும், ஸ்கூல் என்ன மாத்தணும், எப்ப மறுபடி பாக்கணும். ஸ்கூலுக்கு முழு ரிப்போர்ட் குடுக்கணும்னு இல்ல, குடும்ப விவரமெல்லாம் அதுல இருக்கும், முடிவும் சிபாரிசும் உள்ள சுருக்கம் போதுமான்னு கேளுங்க. ஆபீஸ்லயும் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம், என்ன உதவி வேணும்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் வாய திறங்க.

டிஸ்லெக்சியாவுக்கு மாத்திரை கிடையாது, மூணு மாசத்துல சரி பண்றேங்குறவங்ககிட்ட பணத்த கட்டாதீங்க. படிக்கிற பயிற்சி ஒரு பக்கம் நடக்கட்டும், அதுவரைக்கும் பாடத்த சத்தமா வாசிச்சு காட்டுற ஆப், பேசினா டைப் ஆகுற வசதி இதெல்லாம் தாராளமா குடுங்க, எழுத்து கூட்டத் தெரியலங்குறதுக்காக வரலாறும் அறிவியலும் அவளுக்கு நின்னு போகக்கூடாது. பிள்ளைகிட்ட எப்படி சொல்றதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க, எங்க பொண்ணுகிட்ட பேரோடயே சொன்னோம், "அப்ப நான் மக்கு இல்லையா"ன்னு கேட்டா, இல்லன்னோம், விளையாட போயிட்டா.

ரிப்போர்ட் ஒரிஜினல யார்கிட்டயும் குடுக்காதீங்க, ஸ்கேன் பண்ணி ரெண்டு இடத்துல வைங்க, அடுத்த ஸ்கூல், காலேஜ், வேலைன்னு எல்லா இடத்துலயும் மறுபடி கேப்பாங்க.